ஊதியமும் விலையும்: பெங்களூருவில் ஓவியர் வாழ்வாதாரம் – ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

மதுரைக்காஞ்சி மதுரை நகரத் தெருக்களில் திரளும் தொழிலாளரை வரிசைப்படுத்துகிறது. சங்கறுத்து வளை கடைவோர், மணிகளுக்குத் துளையிடுவோர், பொன்னை உரைத்துப் பார்ப்போர், துணி விற்போர், செம்பு நிறுத்து வாங்குவோர் ஆகியோருடன் ‘கண்ணுள் வினைஞர்’ எனப்பெறும் ஓவியரும் அவ்வரிசையில் இடம்பெறுகின்றனர். அவர்தம் நுண்ணிய நோக்கும் உவமை காட்டும் திறனும் அங்குப் புகழப்படுகின்றன. ஆயின், அவர் தம் ஓவியத்தை யாருக்குக் கொடுத்தார், எம்முறையில் பொருள் பெற்றார் என்னும் செய்தி அப்பாட்டில் இல்லை. துணி விற்போரும் செம்பு வாங்குவோரும் கொண்டு கொடுப்பவராகவே காட்டப்பட, ஓவியர் மட்டும் திறனாளராகவே காட்டப்படுகிறார்.

ஓவியரைத் திறனாளராகப் போற்றி, அவர்தம் வரவு செலவைப் பேசாதுவிடும் இவ்வழக்கு பிற்காலக் கலை வரலாற்று நூல்களிலும் தொடர்கிறது. பாணி, வண்ணம், கோடு, மெய்ப்பாடு ஆகியவை விரிவாக ஆராயப்படுகின்றன. ஓவியம் முடிந்த நாளுக்கும் அதற்குப் பொருள் கிடைத்த நாளுக்கும் இடையில் ஓவியர் எவ்வாறு உண்டு உடுத்து வாழ்ந்தார் என்பது அருகியே ஆராயப்படுகிறது. இவ்விடைக்காலத்தைக் ‘காத்திருப்பு’ எனக் குறிக்கலாம். காத்திருப்பின் சுமையை யார் தாங்குகிறார் என்பதைப் பொறுத்தே ஓவியர் வாழ்வாதாரத்தின் தன்மை அமைகிறது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். மைசூர் அரண்மனையின் நிழலில் தொடங்கி, பெங்களூரு நகரத் தெருவில் நடைபெறும் சித்திரச் சந்தை வரையிலான நிகழ்வுகளும், அவற்றோடு ஒப்பிடத்தக்க தமிழகச் சான்றுகளும் இங்கு ஆராயப்படுகின்றன.

2. அரண்மனை: காலத்துக்குக் கூலி

மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (ஆட்சி 1799–1868) காலத்தில் மைசூர் மரபு ஓவியம் உயர்நிலை எய்தியது. சித்திரகாரர் எனப்பட்ட பரம்பரை ஓவியக் குடும்பத்தினர் அரண்மனையைச் சார்ந்து வாழ்ந்தனர். தெய்வ வடிவங்களின் இலக்கணத்தைப் படங்களுடன் விளக்கும் ‘ஸ்ரீதத்துவநிதி’ என்னும் பெருந்தொகுப்பு இம்மன்னரின் ஆதரவில் உருவானது. ஏறத்தாழ இதே காலத்தில் தஞ்சையில் இரண்டாம் சரபோசி (ஆட்சி 1798–1832) ஆதரவில் தஞ்சாவூர் ஓவியம் வளர்ந்தது. இரு மரபினரும் மக்கு என்னும் சாந்துப் பூச்சால் மேடு எழுப்பி, அதன்மீது தங்கரேக்கு ஒட்டினர். மைசூர் ஓவியத்தில் அம்மேடு தாழ்வாகவும் நுண்மையாகவும் அமையும்; தஞ்சை ஓவியத்தில் அது உயர்ந்து, கற்கள் பதிக்கப்பெற்று விளங்கும்.

இவ்வமைப்பில் ஓவியர் தம் படத்தை விற்கவில்லை. தம் காலத்தை விற்றார். தங்கரேக்கும் மரப்பலகையும் வண்ணமும் விலை மிகுந்த பொருள்கள். அவற்றை முன்கூட்டியே வாங்கி, வாங்குவோர் வரும்வரை காத்திருக்கும் ஆற்றல் ஓவியக் குடும்பங்களுக்கு இருந்திருக்க இயலாது. ஆகவே பொருள்களுக்கான முதலை அரண்மனை ஏற்றது. செய்பவர் காலத்துக்கும் உணவுக்கும் அரண்மனையே பொறுப்பேற்றது. படம் முடிந்ததும் அதற்கு வாங்குவோரைத் தேட வேண்டிய தேவை இல்லை. காத்திருப்பு என்பதே இவ்வமைப்பில் இல்லை எனலாம்.

அதற்கு ஈடாக ஓவியர் இழந்தவையும் உண்டு. எதை வரைவது என்பதை அவர் முடிவு செய்வதில்லை. பெரும்பாலான படங்களில் அவர் பெயர் இல்லை. அரண்மனையின் வரவு குறைந்தால் அவர் வாழ்வும் குறைந்தது. 1831இல் மைசூர் ஆட்சிப் பொறுப்பை ஆங்கிலேயர் ஏற்று, 1881 வரை தம்மிடமே வைத்திருந்தனர். அரண்மனைச் செலவு சுருங்கியபோது, அரண்மனையை மட்டுமே நம்பியிருந்த தொழிலும் சுருங்கியது. காத்திருப்பைப் பிறர் தாங்கும்போது, தாங்குபவர் வீழ்ந்தால் தாங்கப்படுபவரும் வீழ்கிறார் என்பதற்கு இது சான்றாகிறது.

3. வெங்கடப்பாவும் வழக்கும்

இப்பழைய அமைப்பும் புதிய கலைஞர் என்னும் கருத்தும் நேருக்கு நேர் மோதிய வாழ்வு கே. வெங்கடப்பாவினுடையது (1886–1965). மைசூர்ச் சித்திரகாரர் குடும்பத்தில் பிறந்த இவர், அரண்மனை ஆதரவுடன் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளிக்குச் சென்று அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றார். நந்தலால் போஸ் அங்கு அவருடன் பயின்றவர். சகோதரி நிவேதிதையும் ஆனந்த குமாரசுவாமியும் எழுதி 1913இல் வெளிவந்த இந்து பௌத்தப் புராணக் கதைத் தொகுப்பு நூலுக்குப் படம் வரைந்தோருள் வெங்கடப்பாவும் ஒருவர். உதகமண்டலம், கோடைக்கானல் ஆகிய மலையூர்களின் மூடுபனியையும் ஒளியையும் நீர்வண்ணத்தில் தீட்டிய அவர்தம் நிலக்காட்சிகள் பெரிதும் போற்றப்படுவன. வீணை இசையிலும் அவர் ஆழ்ந்த பயிற்சி உடையவர்.

கல்கத்தாவில் அவர் கற்றவை தூரிகைப் பயிற்சியோடு நிற்கவில்லை. ஓவியர் தம் பெயரால் அறியப்பட வேண்டியவர், தம் கருத்துக்கு ஏற்பப் படைப்பவர் என்னும் எண்ணமும் அங்கு வலுப்பெற்றிருந்தது. மைசூருக்குத் திரும்பிய பின் அவர் அரண்மனைக்கெனப் பாரிஸ் சாந்தில் புடைப்புச் சிற்பங்கள் செய்தார். நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1940இல் மறைந்தார். அதன்பின் வெங்கடப்பா மைசூரை நீங்கிப் பெங்களூருவில் வாழ்ந்தார். அரண்மனைக்குச் செய்த பணிக்குரிய ஊதியம் குறித்து 1940களில் அவர் நீதிமன்றம் சென்றார். வழக்கில் அவருக்கு வெற்றி கிட்டவில்லை.

வழக்கின் சட்ட நுணுக்கங்கள் எவ்வாறாயினும், அதன் வரலாற்றுப் பொருள் கருதத்தக்கது. தலைமுறை தலைமுறையாக அரண்மனையின் கருணையை எதிர்நோக்கி வாழ்ந்த குடும்பம் ஒன்றில் பிறந்தவர், தமக்குச் சேர வேண்டியது கருணையாகத் தரப்படும் கொடை அன்று, கணக்கிட்டுத் தரப்பட வேண்டிய கடன் என்று பொதுமன்றத்தில் கோரினார். இக்கோரிக்கையைத் தாங்கும் வேறு அமைப்பு அப்போது பெங்களூருவில் இல்லை. ஓவியங்களைத் தொடர்ந்து வாங்கி விற்கும் காட்சிக்கூடங்களோ, வீட்டில் மாட்டுவதற்கென அசல் ஓவியம் வாங்கும் பழக்கமோ பரவியிருக்கவில்லை. அரண்மனையைத் துறந்த ஓவியருக்குச் செல்லுமிடம் இல்லாதிருந்தது. அவர் எளிய, தனித்த வாழ்வு வாழ்ந்தார். அவர் மறைவுக்குப் பின் கஸ்தூரிபா சாலையில் அரசு அருங்காட்சியகத்தை அடுத்து அவர் பெயரால் ஓவியக்கூடம் எழுந்தது.

4. அச்சகம்: படிக்கு விலை

அரண்மனைக்கு மாற்றாக அக்காலத்தில் தோன்றிய முதல் வழி அச்சு ஆகும். இரவி வர்மா (1848–1906) மன்னர் பலருக்கு ஓவியம் தீட்டியவர். எனினும் 1894இல் பம்பாயில் கல்லச்சகம் ஒன்றை நிறுவித் தம் ஓவியங்களின் வண்ணப்படிகளைப் பரவலாக விற்கச் செய்தார். ஓர் ஓவியத்தை ஒருவருக்கு உயர்ந்த விலைக்கு விற்பதற்குப் பதிலாக, ஒரே ஓவியத்தின் படிகளைப் பல்லாயிரவருக்குக் குறைந்த விலைக்கு விற்கலாம் என்பது இம்முறையின் அடிப்படை. படங்கள் நாடெங்கும் பரவின. ஆயின் அச்சகம் கடனில் வீழ்ந்தது. இறுதியில் அது செருமானியத் தொழில்நுட்பரான பிரிட்ஸ் ஷ்லைகர் என்பாரிடம் விற்கப்பட்டது.

தமிழகத்தில் இம்முறை வேறு வடிவம் கொண்டது. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவரும் நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை தீட்டியவருமான கொண்டைய ராஜு (1898–1976) கோவில்பட்டியில் தங்கி, மாணவர் பலரை உருவாக்கினார். அவர்கள் தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களின் வழி நாட்காட்டிகளாகத் தமிழர் இல்லங்கள் பலவற்றை அடைந்தன. இம்முறையில் அச்சகத்தார் கேட்கும் படத்தை ஓவியர் வரைந்து கொடுத்து ஒருமுறை விலை பெறுவர். அதன்பின் எத்தனை இலட்சம் படிகள் விற்றாலும் அவருக்குப் பங்கு இல்லை. காத்திருப்பின் சுமையையும் விற்பனையின் இடரையும் அச்சகத்தார் ஏற்றனர். ஆகவே பெருகும் பயனும் அவரையே சேர்ந்தது. அரண்மனை முறையின் சாயல் இதிலும் காணப்படுகிறது. மன்னர் இருந்த இடத்தில் வணிகர் இருந்தார் என்பதே வேறுபாடு.

5. சோழமண்டலம்: கைவினை தாங்கிய கலை

மன்னரும் வேண்டா, அச்சகத்தாரும் வேண்டா, காத்திருப்பை ஓவியர்களே கூடித் தாங்கலாம் என்னும் முயற்சி சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் நிகழ்ந்தது. சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராகத் தேவிபிரசாத் ராய் சௌத்ரிக்குப் பின் 1957இல் பொறுப்பேற்ற கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977), தம் மாணவர்கள் படிப்பை முடித்ததும் பிழைப்புக்காக வேறு தொழில்களில் நுழைந்து ஓவியத்தைக் கைவிடுவதைக் கண்டார். ஓவியம் விற்பனையாகும்வரை ஓவியரைக் காக்கும் துணைத்தொழில் ஒன்று தேவை என்பதை அவர் உணர்ந்தார். மெழுகு தடவித் துணியில் வண்ணம் ஏற்றும் பாத்திக் முறையை மாணவரும் ஆசிரியரும் மேற்கொண்டனர். அத்துணிகள் நன்கு விற்பனையாயின.

ஓவியர் கைவினைச் சங்கம் என்னும் அமைப்பு உருவாயிற்று. உறுப்பினர் சேர்த்த பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் தோன்றியது. பாத்திக், உலோக வேலை, சுடுமண் பொருள்கள் ஆகிய கைவினைகளின் வருவாய் அன்றாடச் செலவை ஏற்க, ஓவியமும் சிற்பமும் வாங்குவோருக்கு வளைந்து கொடுக்காமல் வளர முடிந்தது. இங்குக் காத்திருப்பின் சுமை ஓவியரின் மற்றொரு கைத்திறன்மீது ஏற்றப்பட்டது. மதுரைக்காஞ்சியில் வளை கடைவோருடன் ஓவியரை ஒரே வரிசையில் காட்டிய பழைய உறவு, வேறொரு தேவையால் மீண்டும் உயிர்பெற்றது எனலாம்.

இம்முயற்சிக்கும் பெங்களூருவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மைசூரில் 1941இல் பிறந்து, சென்னையில் பயின்று, சோழமண்டலத்தின் தொடக்கக்கால உறுப்பினருள் ஒருவராக விளங்கிய எஸ். ஜி. வாசுதேவ் பின்னர்ப் பெங்களூருவில் குடியேறினார். ஓவியர் தாமே ஒன்றுகூடித் தம் தொழிலைக் காத்துக்கொள்ளலாம் என்னும் பட்டறிவும் இத்தகையோர் வழியே இவ்விரு நகரங்களையும் இணைத்தது.

6. பெங்களூரு: புதிய வாங்குவோர்

நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டிப் பெங்களூருவின் இயல்பு மாறியது. இந்துஸ்தான் வானூர்தித் தொழிலகம் (1940), இந்தியத் தொலைபேசித் தொழிலகம் (1948), இந்துஸ்தான் இயந்திரக் கருவித் தொழிலகம் (1953), பாரத் மின்னணு நிறுவனம் (1954) ஆகியவை இங்கு நிலைபெற்றன. மாத ஊதியம் பெறும் நடுத்தர வகுப்பினர் பெருகினர். தமிழ் பேசுவோரும் இந்நிறுவனங்களில் பெருமளவில் பணிபுரிந்தனர். 1956இல் மொழிவழி மாநிலத்தின் தலைநகரமாக நகர் உயர்ந்தது.

ஓவியக் கல்வியும் இதே காலத்தில் விரிந்தது. எம். எஸ். நஞ்சுண்டராவ் முன்னின்று 1960இல் கர்நாடகச் சித்திரகலா பரிஷத்தை நிறுவினார். 1960களில் ஆர். எம். ஹடபத் கென் கலைப்பள்ளியைத் தொடங்கினார். பயின்று வெளிவந்த ஓவியருள் பலருக்கு ஆசிரியப் பணியே வாழ்வாதாரம் ஆயிற்று. ஆசிரியரின் மாத ஊதியம் ஓவியரின் காத்திருப்பைத் தாங்கியது. ஆயின் ஆசிரியப் பணியிடங்கள் சில, ஓவியர் பலர்.

எஞ்சியோர் காட்சிக்கூடங்களை நாடினர். தனியார் காட்சிக்கூடங்கள் விற்பனை விலையில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை தமக்கென எடுப்பது பரவலான வழக்கம். இடம், விளம்பரம், வாங்குவோர் தொடர்பு ஆகியவற்றுக்கு அது கட்டணம் எனினும், பெயர் பெறாத ஓவியருக்கு அக்கூடங்களின் கதவு எளிதில் திறப்பதில்லை. அரசின் வெங்கடப்பா ஓவியக்கூடம் குறைந்த வாடகைக்கு இடம் அளித்தமையால் இளைய ஓவியருக்குப் பெருந்துணையாக இருந்தது. அக்கூடத்தைத் தனியார் அறக்கட்டளை ஒன்றின் பொறுப்பில் விட அரசு முனைந்தபோது, 2016இல் ஓவியர்கள் தெருவில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தமைக்கு இதுவே முதன்மைக் காரணம். ஊதியத்துக்காகத் தனித்து வழக்காடியவர் பெயரால் அமைந்த கூடத்துக்காக ஓவியர் பலர் கூடிப் போராடினர் என்பது நோக்கத்தக்கது.

7. சித்திரச் சந்தை

சித்திரகலா பரிஷத் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஏற்படுத்திய ‘சித்ர சந்தெ’ இவ்வரலாற்றின் அடுத்த கட்டமாகும். கன்னடச் ‘சந்தெ’யும் தமிழ்ச் ‘சந்தை’யும் ஒரே பொருளன. குறித்த நாளில் ஊர்ப்பொது இடத்தில் கூடி, விளைவித்தவரும் செய்தவரும் நேரே விற்கும் இடம் என்பது அது. கண்காட்சி என்றோ கலைவிழா என்றோ பெயரிடாமல் சந்தை எனப் பெயரிட்டமை பொருள் பொதிந்தது. காய்கறியும் கால்நடையும் விற்கும் இடத்துக்குரிய சொல் ஓவியத்துக்கு இழுக்காகாது என்னும் துணிவு அதில் உள்ளது. இல்லந்தோறும் ஓர் ஓவியம் என்பது அதன் நோக்கம்.

பெரும்பாலும் சனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் குமாரகிருபா சாலை வண்டிப் போக்குவரத்துக்கு மூடப்படுகிறது. மைசூர்த் திவானாக இருந்த சர். கே. சேஷாத்ரி ஐயரின் இல்லப் பெயரால் அமைந்த சாலை அது. நடைபாதையிலும் சாலையிலும் நாட்டின் பல மாநிலங்களிலிருந்து வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியர்கள் தம் படங்களுடன் அமர்கின்றனர். தமிழகத்திலிருந்து வருவோரும், தஞ்சாவூர் ஓவியம் விற்போரும் அவருள் அடங்குவர். சில நூறு ரூபாய் முதல் இலட்சக்கணக்கான ரூபாய் வரை விலையுள்ள படங்கள் அருகருகே வைக்கப்படுகின்றன. 2021இல் கொள்ளைநோய் காரணமாகச் சந்தை இணையவழி நடத்தப்பட்டது. 2022இல் மார்ச்சு மாதத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது. 2025 சனவரி 5 அன்று அதன் 22ஆவது நிகழ்வு நடைபெற்றது.

இச்சந்தையின் பயன்கள் வெளிப்படையானவை. இடைநிலையார் இல்லை; வாங்குவோர் தரும் பணம் முழுவதும் செய்தவரை அடைகிறது. காட்சிக்கூடத்தின் வாயிலில் தயங்கி நிற்கும் குடும்பங்கள் தெருவில் தயக்கமின்றி நடக்கின்றன. ஓவியரிடம் நேரே விலை கேட்கின்றன. நின்ற இடத்திலேயே உருவப்படம் தீட்டித் தருவோருக்கு உடனே வருவாய் கிடைக்கிறது. ஓவியரின் தொடர்பு எண்ணைப் பெற்றுச் சென்று பின்னர்ப் படம் கேட்போரும் உளர்.

குறைகளும் உள்ளன. சந்தை என்ற இடத்தில் பேரமும் உடன் வருகிறது. பல மாத உழைப்பு சில நிமிடப் பேரத்தில் மதிப்பிடப்படுகிறது. கூட்டத்தின் விரைவில் கண்ணை உடனே ஈர்க்கும் பிள்ளையார், புத்தர், நிலக்காட்சி போன்றவை எளிதில் விற்பனையாகும் தன்மையுடையவை. நின்று நிதானித்துக் காண வேண்டிய படைப்புகளுக்கு அவ்விடம் இசைவதில்லை. யாவற்றினும் முதன்மையானது, சந்தை ஆண்டுக்கு ஒரு நாள் மட்டுமே என்பது. எஞ்சிய 364 நாள் காத்திருப்பும் ஓவியரையே சாரும். வெளியூரிலிருந்து படங்களைக் கட்டி எடுத்து வந்து, விற்காதவற்றை மீண்டும் சுமந்து செல்பவருக்குப் பயணச் செலவும் இழப்பாகிறது. அரண்மனை தந்த பாதுகாப்பு இங்கு இல்லை. அரண்மனை மறுத்த உரிமை இங்கு உண்டு.

8. சட்டம் காட்டும் வேறுபாடு

ஊதியத்துக்கும் விலைக்கும் இடையிலான இவ்வேறுபாட்டை இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும் (1957) ஏற்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, பொருள் பெற்று வரையப்படும் ஓவியத்தில், மாறான உடன்பாடு இல்லையெனில், வரையச் செய்தவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் என்கிறது அதன் 17ஆம் பிரிவு. அரண்மனை ஓவியரும் நாட்காட்டி ஓவியரும் நின்ற நிலை இன்று இவ்வாறு சட்ட மொழியில் காணப்படுகிறது. தாமே எண்ணித் தாமே வரைந்து பின்னர் விற்கும் ஓவியரோ, படத்தை விற்ற பின்னும், எழுதிக் கொடுத்தாலன்றிப் பதிப்புரிமையை இழப்பதில்லை. படத்தை வாங்கியவர் அதை நாட்காட்டியாக அச்சிட வேண்டுமெனில் ஓவியரின் இசைவு வேண்டும்.

1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 53அ பிரிவு இன்னும் ஒருபடி மேற்செல்கிறது. முதல் உரிமையாளராக இருந்த ஓவியரின் அசல் படம் பின்னாளில் 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட விலைக்கு மறுவிற்பனையானால், அவ்விலையில் ஒரு பங்கு ஓவியருக்கோ அவர்தம் வழித்தோன்றலுக்கோ உரியது. அப்பங்கு நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாது. பிரான்சு நாடு 1920இலேயே இத்தகைய உரிமையை வழங்கியது. இளமையில் வறுமையால் குறைந்த விலைக்கு விற்ற படம் பின்னர்ப் பெருவிலை பெறும்போது, அப்பயனில் படைத்தவர் முற்றிலும் விலக்கப்படலாகாது என்பது இதன் அடிப்படை.

ஆயின் இவ்வுரிமை நடைமுறையில் பயன் தருவதற்குப் படம் யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்னும் பதிவு தேவை. தெருச்சந்தையில் பற்றுச்சீட்டு இன்றிக் கைமாறும் படத்தின் பின்வரலாற்றை ஓவியர் அறிய வழியில்லை. படத்தின் பெயர், அளவு, நாள், விலை, வாங்கியவர் விவரம் ஆகியவற்றைக் குறித்த சீட்டு ஒன்றைப் படியெடுத்து இருவரும் வைத்துக்கொள்வது எளிய செயல். பேரத்தில் விட்டுக்கொடுக்கும் சில நூறு ரூபாயைவிட, எழுதப்படாது போகும் அச்சீட்டே ஓவியருக்குப் பேரிழப்பாக முடியலாம்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. அரண்மனை ஓவியரின் காத்திருப்பைத் தான் ஏற்று, அவர் பெயரையும் விருப்பத்தையும் ஈடாகப் பெற்றது. அச்சகம் விற்பனை இடரை ஏற்று, பெருகும் பயனை ஈடாகப் பெற்றது. சோழமண்டலத்தில் கைவினை அச்சுமையை ஏற்றது; அதற்கு ஈடாக ஓவியரின் நேரத்தில் ஒரு பகுதியைப் பெற்றது. பெங்களூருச் சித்திரச் சந்தை எதையும் ஈடாகப் பெறவில்லை. ஆயின் காத்திருப்பு முழுவதையும் ஓவியரிடமே விட்டுவிட்டது. இவற்றுள் எதுவும் தனித்து நிறைவானதன்று.

ஆகவே ஓவியர் வாழ்வாதாரம் பற்றிய ஆய்வு, ஓவியம் என்ன விலைக்கு விற்றது என்பதோடு நில்லாமல், அது விற்கும்வரை ஓவியரைத் தாங்கியது எது என்பதையும் வினவுதல் வேண்டும். வெங்கடப்பா நீதிமன்றத்தில் கேட்ட கணக்கு அதுவே. குமாரகிருபா சாலையில் மாலை கவிந்த பின், விற்காத படங்களைத் துணியில் சுற்றிக் கட்டும் ஓவியர் ஒவ்வொருவரும் இன்றும் அக்கணக்கையே தமக்குள் இட்டுப் பார்க்கின்றனர்.